மாட்டிக்கிச்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குத் தற்பெருமை கொஞ்சம் அதிகம். தமிழில் கேட்டால் தமிழ்ப் பக்கங்களைத் தேடி எடுத்துக் கொடுக்கும் தேடுபொறி ஒன்றை நாங்கள் கட்டினோம். நாங்கள் என்றால் பெரிய பட்டாளம் இல்லை. சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. கீழே சுத்தியல் விழுந்தால் மேலே தேநீர்க் கோப்பை குதிக்கும். அதில் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்கள். வேலையில் பாதி நான் செய்தது. மீதியை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

தேடுபொறி என்றதும் ஏதோ மந்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. சிலந்தி என்று ஒரு நிரல் இணையமெங்கும் அலைந்து பக்கம் பக்கமாக வாரிக்கொண்டு வரும். அதை வளர்ப்பவன் சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். வந்த பக்கங்களைச் சொல் சொல்லாகப் பிரித்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று அட்டவணை போட்டுவிடுவோம். கேட்டவருக்கு எதை முதலில் காட்டுவது, எதைக் கீழே தள்ளுவது என்று வரிசைப்படுத்துவது எங்கள் முதலாளியின் பொறுப்பு. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது நான் எழுதிய நிரல். அதற்குக் கத்தரி என்று பெயர்.

தமிழில் எந்தச் சொல்லும் தனியாக வராது, வாலோடுதான் வரும். மரம் என்று தேடுகிறவருக்கு மரத்தை, மரத்தில், மரங்களுக்கு என்று எழுதிய பக்கங்களும் வேண்டும். அந்த வால்களை வெட்டி அடிச்சொல்லைப் பிடிப்பதுதான் கத்தரியின் வேலை. கேட்கச் சுலபம். ஆரம்பத்தில் கடலை வறுப்பது எப்படி என்று கேட்டால் கடற்கரைப் படமாகக் கொட்டியது. கடலையில் இருந்த வாலை வெட்டிக் கடலாக்கி விட்டிருந்தது. காலை நடைப்பயிற்சி என்று கேட்டவருக்குக் கால்வலித் தைலம் வந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

அதோடு விட்டதா? நம் ஆட்கள் பேசுகிற மாதிரியே தட்டுகிறார்கள். பக்கங்களை எழுதியவர்களோ மேடையில் மாலை போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். "தூக்கமே வரல" என்று ஒருவர் புலம்புவார். அவருக்கு வேண்டிய பதில் "உறக்கமின்மையும் அதன் காரணிகளும்" என்ற தலைப்புக்குள் ஒளிந்திருக்கும். இந்த இரண்டு தமிழுக்கும் நடுவே பாலம் போட்டதும் நான்தான். மூக்கு என்றால் நாசி, பிள்ளை என்றால் மழலை, எடுக்கறது என்றால் அகற்றுதல் என்று கத்தரிக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் குரல் ஒரு படி ஏறிவிடும்.

சுருட்டைக்கும் எனக்கும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. பெயர்ச்சொல்லின் வாலை வெட்டியது போலவே நான் வினைச்சொல்லின் வாலையும் ஒட்ட வெட்டினேன். வந்தான், வந்தாள், வந்தது எல்லாம் வா. அவ்வளவுதான்.

"வாலை இப்படி ஒட்ட நறுக்காதே தாயே," என்றான் சுருட்டை. "வந்தது ஆணா, பொண்ணா, ஆடா, மாடானுகூடத் தெரியாமப் போயிடும்."

"தேடறவனுக்கு ஆம்பளை பொம்பளை எதுக்கு? நாம என்ன வரனா பாக்கறோம்?" என்று வாயை அடைத்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிலந்தியிடம் போய்விட்டான்.

ஊருக்குத் திறந்துவிடும் முன் வெள்ளோட்டம் விட்டோம். எங்கள் ஒவ்வொருவர் குடும்பத்து ஆட்களும் மட்டும் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவரவர் என்ன தேடுகிறார்கள் என்பது அறைச் சுவரில் மாட்டிய பெரிய திரையில் ஓடும். யார் என்று பெயர் வராது; முதலாளி அதில் கறார். ஆனால் ஒரே ஆள் தொடர்ந்து கேட்டால் அந்தக் கேள்விகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். பதிலைத் தொட்டால் பச்சை. எதையும் தொடாமல் விட்டால் சிவப்பு.

என் வீட்டில் பயன்படுத்த மாட்டேன் என்று அடம்பிடித்தவள் அண்ணி ஒருத்திதான். உறவில் மூத்தவள், வயதில் எனக்குச் சமம். அதனால் எங்களுக்குள் வாடி போடிதான். அவள் அடம்பிடித்ததற்குக் காரணம் இருந்தது. முதல் வாரம் ஆசை ஆசையாக "புள்ள சாப்பிட மாட்டேங்குது" என்று கேட்டிருக்கிறாள். கத்தரி மாட்டேங்குதுவின் வாலை வெட்டி மாட்டு ஆக்கி, முதல் பக்கம் முழுக்க மாட்டுத் தீவனம் காட்டிவிட்டது.

"எம்புள்ளைக்குப் புண்ணாக்கு வைக்கச் சொல்லுதுடி உன் பெட்டி!" என்று வீடே அதிரக் கத்தினாள். "அதுக்கு வீட்டுத் தமிழே தெரியல. இனிமே அதைத் தொட்டா என்னை ஏன்னு கேளு."

அண்ணன் மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான். எனக்கு மூஞ்சி செத்துப்போயிற்று. மறுநாளே திருத்திவிட்டேன் என்று சொல்லியும் நம்பவில்லை. சரி, கழுதை, இப்படிச் சொன்னால் கேட்க மாட்டாள் என்று, ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போயிருந்தபோது போனை எடுத்து, தேடல் பெட்டியைத் தொட்டாலே எங்கள் பொறி வருகிற மாதிரி மாற்றிவைத்தேன். வித்தியாசம் தெரியாமலே பழகிவிடுவாள், பிறகு ஒருநாள் சொல்லிக் காட்டலாம் என்று கணக்கு. என் கணக்கு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், போடும்போது.

இரண்டு நாள் கழித்து, மதியம் சாப்பிட்டுவிட்டு அறையில் சுவர்த்திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஒருவர் வானிலை கேட்டார், ஒருவர் சட்டையில் மைக்கறை போக்குவது எப்படி என்றார். எல்லாம் பச்சை பச்சையாக நகர்ந்தது. பிறகு ஒன்று வந்தது.

"மூக்குல மணி மாட்டிக்கிச்சு."

கீழே எங்கள் பொறி கொடுத்த பதில்கள்: மணி பதித்த மூக்குத்திகள், புதிய வரவு. மூக்குத்தி மாட்டிக்கொள்வது எப்படி. முகத்துக்கேற்ற மூக்குத்தி.

"பாத்தியா, நகைக்கடைக்காரன்கிட்ட விளம்பரம் வாங்கலாம்போல இருக்கே," என்றான் சுருட்டை. நானும் சிரித்தேன். மூக்கு, மணி, மாட்டு மூன்றையும் சேர்த்து மூக்குத்தியைப் பிடித்துவிட்டதே என்று உள்ளுக்குள் பூரித்தும் போனேன். ஆனால் அந்தக் கேள்வி சிவப்பாகியது. அடுத்த கேள்வி வந்தது.

"புள்ள மூக்குல மாட்டினது எப்படி எடுக்கறது."

எங்கள் பொறி பணிவாகச் சொன்னது: மூக்குத்தியைக் கழற்றும் முறை, திருகை இடப்பக்கமாகத் திருப்பவும். மறுபடி சிவப்பு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூக்குத்தியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. யாரோ ஒரு குழந்தை பாசிமணியை மூக்குக்குள் விட்டுக்கொண்டிருக்கிறது. மாட்டிக்கிச்சு என்றால் அணிந்துகொண்டது இல்லை, சிக்கிக்கொண்டது. அறையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அது புரிந்துவிட்டது. வெள்ளோட்டத்தில் இருப்பவர்கள் எங்கள் வீட்டு ஆட்கள்தானே? ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள்.

"மூக்குத்தி இல்ல."

இல்லை என்பதை எங்கள் பொறி கண்டுகொள்ளாது. இன்னும் நாலு மூக்குத்திக் கடையைக் காட்டியது. அடுத்த வரி விழுந்தது.

"அடேய் அரைவேக்காட்டு அகப்பையே மூக்குத்தி இல்லடா."

அரைவேக்காட்டு அகப்பை என்று திட்டுகிற ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். அந்தத் திட்டு அவளே கண்டுபிடித்தது. அண்ணனைத் திட்டுவாள், என்னைத் திட்டுவாள், ஓடாத மிக்ஸியைத் திட்டுவாள். அப்படியானால் மூக்கு எங்கள் குட்டியின் மூக்கு. நடக்க ஆரம்பித்ததிலிருந்து என் தோளைவிட்டு இறங்காத என் மருமகன்.

"என் அண்ணி!" என்றேன். "எங்க குட்டி!"

போன் போட்டேன். வெட்டிவிட்டாள். மறுபடி போட்டேன், மறுபடி வெட்டினாள். அவள் தேடிக்கொண்டிருப்பதும் அதே போனில்தானே? பதற்றத்தில் இருப்பவளுக்கு நாத்தனார் அழைப்பு திரையை மறைக்கிற சனியனாகத்தான் தெரியும். செய்தி அனுப்பினேன், பார்க்கவில்லை. அண்ணன் பஸ் ஓட்டுகிறவன். வண்டியில் கை வைத்தால் போனை அணைத்துவிடுவான். வேறு எதில் தேடியிருந்தாலும் இந்நேரம் வழி கிடைத்திருக்கும். அவள் கையில் என் பொறியைத் திணித்தது நான்.

சுருட்டை அதற்குள் அட்டவணையைத் துழாவி ஒரு பக்கத்தை எடுத்துவிட்டான். குழந்தை மருத்துவர் ஒருவர் எழுதியது. தலைப்பு: "நாசித் துவாரத்தில் அந்நியப் பொருள் சிக்கிக்கொள்ளல்." உள்ளே மணி, பட்டாணி, பொத்தான் என்று எல்லாம் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார். பக்கம் எங்களிடமே இருக்கிறது. ஆனால் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

"கையாலயே தூக்கி மேல வச்சிடலாமா?" என்றான்.

முதலாளியைப் பார்த்தேன். எந்தப் பதிலையும் கையால் தூக்கி வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட விதி. அவர், "வைங்க, பரவால்ல," என்றார்.

"வச்சுப் பிரயோஜனமில்ல சார்," என்றேன். "இவ ஒவ்வொரு வாட்டியும் வேற மாதிரி கேக்கறா. இந்தக் கேள்விக்குத் தூக்கி வச்சா அடுத்ததுக்கு மறுபடி மூக்குத்திதான் வரும். மாட்டிக்கிச்சுங்கற சொல்லு அதுக்குப் புரியணும்."

திரையில் அடுத்த வரி விழுந்தது. "இடுக்கி வச்சு மூக்குல இருந்து எடுக்கலாமா."

மருத்துவர் பக்கத்தின் முதல் வரியே இதுதான்: இடுக்கி, ஊசி, பஞ்சுக்குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள், பொருள் மேலும் உள்ளே போய்விடும். எங்கள் பொறி இடுக்கி விற்கும் கடைகளைக் காட்டியது.

கத்தரியைத் திறந்தேன். மாட்டிக்கிட்டேன், மாட்டிக்கிட்டாள், மாட்டிக்கிச்சு மூன்றும் வால் போய் ஒரே மாட்டாக நின்றன. அதையே வெறித்துப் பார்த்தேன். நகையை மாட்டிக்கொள்வது யார்? ஒரு மனுஷி. மாட்டிக்கிட்டா என்பாள், மாட்டிக்கிட்டேன் என்பாள். மாட்டிக்கிச்சு என்றால்? அது. அஃறிணை. மணி தானாக நகை போட்டுக்கொள்ளுமா? விரல் கதவில் மாட்டிக்கிச்சு, பட்டம் கம்பியில் மாட்டிக்கிச்சு. அது என்று முடிந்தால் அங்கே நகை இல்லை, சிக்கல். தமிழ் முழுப் பதிலையும் அந்த வாலில் முடிந்து கொடுத்திருக்கிறது. நான் வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

"சுருட்டை, வால்!" என்று கத்தினேன்.

"அதைத்தான் தாயே அன்னைக்கே..."

"அப்புறம் சொல்லிக் காட்டு. இப்ப அந்தப் பக்கத்துல சிக்கிக்கொள்னு இருக்கா பாரு."

"இருக்கு. தலைப்புலயே இருக்கு."

மாட்டிக்கொள், வால் அஃறிணை என்றால் வெட்டாதே, சிக்கிக்கொள்ளோடு சேர். இதுதான் நான் எழுதிய விதி. அட்டவணையைத் தொட வேண்டியதில்லை. கேள்வியைப் புரிந்துகொள்ளும் இடத்தில் மட்டும் மாற்றம். ஆனால் புது விதி எதுவானாலும் பழைய கேள்விகளையெல்லாம் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, எதுவும் கெடவில்லை என்று தெரிந்த பிறகுதான் வெளியே விடுவோம். ஓட்டினேன். பச்சை, பச்சை, பச்சை. விரல் கதவில் மாட்டியவருக்கு அதுவரை கதவுக்குத் திரைச்சீலை மாட்டச் சொல்லிக்கொண்டிருந்தது; அதுகூடச் சரியாகிவிட்டது. எனக்குக் கண் விரிந்தது. பிறகு ஒன்று சிவப்பாகியது.

"பாப்பா தொப்பி மாட்டிக்கிச்சு" என்று ஒரு கேள்வி. பாப்பாவையும் நாம் அது என்றுதான் சொல்வோம். பாப்பாவின் அழகுத் தொப்பிக்குப் பதிலாக, தலை சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று மிரட்டியது புது விதி.

"ஒண்ணு ஒடையுது சார்."

முதலாளி எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பதில் தவறாக வந்தால் சாப்பாடு இறங்காத மனிதர். "தொப்பி நாளைக்குப் போட்டுக்கட்டும்மா. விடு வெளியே. பழி என் மேல."

விட்டேன். திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் வரவில்லை. கீழே கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். இடுக்கியைத் தேடிப் போய்விட்டாளோ? கேட்பதையே நிறுத்திவிட்டாளோ? கேளுடி, இன்னொரு தடவை கேளு, என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கொள், கேட்டுத் தொலை என்று வாய்விட்டே சொன்னேன்.

"மணி மூக்குக்குள்ள போய் மாட்டிக்கிச்சு வெளிய வர மாட்டேங்குது."

அடிப்பாவி, இரண்டு மாட்டையும் ஒன்றாகக் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மாட்டுத் தீவனம் வரவில்லை. மூக்குத்தி வரவில்லை. முதல் வரியில், நட்டநடுவில், மருத்துவரின் பக்கம் வந்து நின்றது.

பச்சை.

சுருட்டை மேஜையில் ஓங்கி அறைந்தான். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் உட்காரவில்லை. அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு இப்போது மனப்பாடம். பெற்றவள் பிள்ளையின் வாயோடு வாய் வைத்து, அடைக்காத மூக்குத்துளையை விரலால் மூடி, ஒருமுறை சட்டென்று ஊத வேண்டும். வராவிட்டால் நேரே மருத்துவரிடம் போக வேண்டும். உள்ளே போனது சின்ன பேட்டரி என்றால் எதற்கும் காத்திருக்காமல் ஓட வேண்டும். அவள் படிப்பாளா? பொறுமையாகப் படிக்கிற ஜாதியா அவள்? மறுபடி போன் போட்டேன். மணி அடித்தது, அடித்தது, எடுத்தாள்.

"வந்துருச்சுடி!" அலறினாள். பின்னால் குட்டி ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தான். அந்த அழுகை அவ்வளவு இனிமையாக இருந்தது. "மூக்குல மணியை விட்டுக்கிட்டான் உன் செல்ல மருமவன். ஒரே ஊது, என் கன்னத்துலயே வந்து அடிச்சுது. செவப்பு மணி. ஆமா, உனக்கு வேற வேலையே இல்லையா? உன் போனை வெட்டி வெட்டி என் வெரல் தேஞ்சுபோச்சு."

"சும்மாதான் அண்ணி போட்டேன்," என்றேன். "எப்படிக் கண்டுபிடிச்ச?"

"போன்லதான் தேடினேன். நான் தேடறது மாறிப்போய் உன் பெட்டி வந்து நிக்குது, உன் வேலைதானே? இரு, வீட்டுக்கு வா, வச்சுக்கறேன். மொதல்ல எனக்கு மூக்குத்தி விக்கப் பாத்துச்சுடி. அப்புறம் பாரு, திடீர்னு புத்தி வந்துருச்சு. நான் சொன்னதை அப்படியே புரிஞ்சுக்கிச்சு."

"எப்படிப் புத்தி வந்துச்சாம்?"

"நான் திட்டினேன்ல? நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி ஒண்ணு விட்டேன். அதான் வழிக்கு வந்துச்சு."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. அறை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. அஃறிணை என்ன, வால் என்ன, நான் எழுதிய விதி என்ன, சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் எனக்கு. வாயைத் திறந்தேன். குட்டி விக்கி விக்கி அழுவது கேட்டது. மூடிக்கொண்டேன்.

"ஆமா அண்ணி," என்றேன். "உன் திட்டுக்கு நானே வழிக்கு வருவேன், அது எம்மாத்திரம்?"

அவள் போனை வைத்துவிட்டாள். சுருட்டை என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். "வாலை இனிமே வெட்டுவியா?" என்றான். "உன் முடியை வேணா வெட்டறேன்," என்றேன். அன்று சாயங்காலமே அவனுக்கு என் கையால் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் மன்னிப்பு கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. பாப்பாவின் தொப்பியை மறுநாள் காலையில் சரிசெய்தோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அண்ணி போனை வைத்த கொஞ்ச நேரத்தில் சுவர்த்திரையில், அதே கேள்விகளுக்குக் கீழே, இன்னொரு வரி வந்து விழுந்தது. கேள்வியே இல்லை. தேடல் பெட்டியிடம் அவள் நேராகவே பேசியிருந்தாள்.

"சமத்து."

எங்கள் பொறி ஒரு கணம் யோசித்துவிட்டு அவளிடம் பணிவாகக் கேட்டது: நீங்கள் தேடியது சமத்துவமா?

சிரித்துச் சிரித்துச் சுருட்டை நாற்காலியோடு சாய்ந்தான். முதலாளிகூட வாய்விட்டுச் சிரித்தார். நான் அழுதுவிட்டேன். சுவரில் அந்த ஒற்றைச் சொல், சிவப்பாக, யாரும் தொடாத பதில்களுக்கு மேலே நின்றது. குட்டியைத் தூங்கவைக்கும்போது அவள் அவனிடம் சொல்கிற சொல் அது.

"இதையும் திருத்தணுமே தாயே," என்றான் சுருட்டை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அது எனக்கு வந்தது," என்றேன். "இன்னைக்கு யாரும் அதைத் தொடக் கூடாது."